மாமாவின் கப்பல் மிதக்காது

போன ஆடியில் ஒரு சாயங்காலம். இங்கே, மொரிசியஸில், ஆடி என்றால் நடுக்குளிர்காலம். எங்கள் ஊர் கியூர்பிப்பில் மழை என்றும் சொல்ல முடியாத, பனி என்றும் சொல்ல முடியாத ஏதோ ஒன்று நாள் முழுக்கச் சிணுங்கிக்கொண்டே இருக்கும். குளியலறையிலிருந்து அலறல் கேட்டு ஓடினேன். ஆறு வயது மகன், கூடத்து அலமாரியில் இருந்த சேன் ஜெரான் கப்பலைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டித் தண்ணீரில் விட்டிருக்கிறான். மூன்று பாய்மரமும் தண்ணீரில் சாய்ந்து கிடக்க, வயிற்றைக் காட்டிக்கொண்டு செத்த மீன் மாதிரி மிதந்தது கப்பல். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேநீர் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

மாமா பின்னாலேயே வந்தார். கணவரின் அப்பா. முப்பது வருஷம் இந்த ஊர்ப் பட்டறை ஒன்றில் கப்பல் மாதிரிகள் செய்தவர். அந்தக் கப்பல் அவர் கையால் செய்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில், "பா ஃப்லோத்தே" என்றார். மிதக்காது. பிறகு எனக்காகத் தமிழில்: "கப்பல் இல்லம்மா அது. மாக்கெட்."

மாக்கெட் என்றால் பார்வைக்கு வைக்கச் செய்யும் மாதிரி உருவம். அந்த ஒரு வரிதான் இந்தப் பதிவு. மற்றதெல்லாம் அதன் வால்.

மொரிசியஸுக்கு வந்த புதிதில் எனக்கு இந்தக் கப்பல்கள் புரியவே இல்லை. கடைக்குக் கடை கண்ணாடிப் பெட்டிக்குள் பீரங்கி, ஏணி, நங்கூரம் எல்லாவற்றோடும் பழைய காலத்துப் பாய்க்கப்பல்கள். சுற்றுலாப் பயணிகள் மரப்பெட்டியில் போட்டு ஊருக்கு எடுத்துப் போவார்கள். மாமா வேலை பார்த்த பட்டறையில் ஆண்கள் மரவேலை, பெண்கள் கயிறும் பாயும். முதலில் விலா எலும்பு மாதிரி சட்டங்கள், அதன் மேல் ஒவ்வொன்றாக வளைத்து ஒட்டிய மெல்லிய பலகைகள். கிடுக்கியால் முடிச்சுப் போட்ட கயிறுகள். பாய்த்துணி புதிதாக, வெள்ளை வெளேரென்று இருந்தால் பொம்மைக் கப்பல் மாதிரி ஆகிவிடும் என்பதால் அதைத் தேநீரில் முக்கிக் காயவைப்பார்கள். கடல் பார்த்த பாய் மாதிரி ஒரு பழுப்பு வந்துவிடும். தொட்டித் தண்ணீர் ஏன் நிறம் மாறியது என்று இப்போது தெரிந்திருக்கும்.

சேன் ஜெரான் இங்கே எல்லோருக்கும் தெரிந்த பெயர். பிரான்சிலிருந்து வந்த கப்பல், 1744 ஆகஸ்டில் இந்தத் தீவின் வடகிழக்கே இல் தாம்பர் பக்கத்துப் பவளப்பாறையில் மோதி மூழ்கியது. பால், விர்ஜினி என்ற இருவரின் கதையைச் சொல்லும் பிரெஞ்சு நாவலில் விர்ஜினி சாவது இந்தக் கப்பலில்தான். அது மூழ்குவதற்குச் சில வருஷம் முன்னாலேயே, லா பூர்தொன்னே ஆளுநராக இருந்த காலத்தில், பாண்டிச்சேரிப் பக்கமிருந்து தமிழ்க் கைவினைஞர்களைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். மாமாவின் கைக்கு அதுதான் காரணம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவருடைய பாட்டனார் கரும்பு வெட்ட வந்தவர்.

சரி, ஏன் கவிழ்ந்தது? மாமா சொன்ன காரணம் எளிது. "உள்ள கல்லு இல்ல." நிஜக் கப்பலின் அடிவயிற்றில் கல்லையும் இரும்பையும் பாரமாக அடுக்கியிருப்பார்கள். அலமாரிக் கப்பலுக்கு அது எதற்கு? கனமெல்லாம் மேலே, பாய்மரத்திலும் கயிற்றிலும். சரி, கல்லை வைத்தே செய்தாலும் வெளியே காற்றில் விட்டால் பிழைக்குமா என்றால், அங்கே கணக்கு இன்னும் மோசம். ஒரு கப்பலைப் பிசகில்லாமல் நூறில் ஒரு பங்காகச் சுருக்குங்கள். அதே காற்று அடித்தால், பாயைப் பிடித்துச் சாய்க்கிற வலு பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறையும். நிமிர்த்திவைக்கிற வலுவோ பத்துக் கோடியில் ஒரு பங்காகிவிடும். ஒன்று பரப்பையும் உயரத்தையும் பொறுத்தது, மற்றது எடையையும் உயரத்தையும் பொறுத்தது. ஒவ்வொரு முடிச்சும் அச்சு அசலாக இருக்கிறது என்பதற்காகக் கடல் அதற்கு இரக்கம் காட்டாது.

இதைத் தோண்டப் போய்த்தான் வில்லியம் ஃப்ரூடிடம் போய்ச் சேர்ந்தேன். இங்கிலாந்துக்காரர், 1810இல் பிறந்தவர். கடற்படைக்காக 1872இல் டார்கீ ஊரில் ஒரு நீண்ட தண்ணீர்த் தொட்டி கட்டி, மாதிரிக் கப்பல்களை அதில் இழுத்து, எவ்வளவு தடை வருகிறது என்று அளந்தவர். அந்த மாதிரிகளுக்குப் பாய்மரம் கிடையாது, கயிறு கிடையாது, பீரங்கி கிடையாது. பாரஃபின் மெழுகில் வார்த்துச் செதுக்கிய வெறும் அடிவயிறு. மாமாவிடம் காட்டினால் "இது என்ன, சோப்புக்கட்டியா?" என்பார். கப்பல் கட்டுகிறவர்களுக்கு உண்மையைச் சொன்னது அந்தச் சோப்புக்கட்டிதான்.

ஆனால் அதுவும் முழு உண்மையைச் சொல்லவில்லை. எனக்குத் தூக்கம் கெட்டது இந்த இடத்தில்தான். கப்பலைத் தண்ணீர் இரண்டு விதமாகத் தடுக்கிறது. ஒன்று, கப்பல் எழுப்புகிற அலை. மற்றொன்று, பலகையை உரசுகிற தண்ணீர். மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில் போகும் கப்பலை நூறில் ஒரு பங்காகச் செய்து தொட்டியில் இழுக்கிறோம் என்று வையுங்கள். அலைகள் நிஜக் கப்பலின் அலைகள் மாதிரியே விழவேண்டுமானால் மணிக்கு 1 கடல் மைல் வேகத்தில் இழுக்க வேண்டும். உரசல் நிஜம் மாதிரியே இருக்கவேண்டுமானால்? மணிக்கு 1000 கடல் மைல். காற்றில் ஒலி போவதை விட வேகமாக. தொட்டியில்.

ஆக, ஒரே மாதிரி, ஒரே தண்ணீரில், ஒரே நேரத்தில் இரண்டுக்கும் உண்மையாக இருக்க முடியாது. செய்தவன் கை சரியில்லை என்பதால் அல்ல, உலகத்தின் அமைப்பே அப்படி. ஃப்ரூட் என்ன செய்தார் தெரியுமா? உரசலை மட்டும் அளக்க வெவ்வேறு நீளப் பலகைகளைத் தனியாக இழுத்தார். மெழுகுக் கப்பலின் மொத்தத் தடையிலிருந்து உரசலைக் கழித்தார். மிச்சம் அலை. அதை நிஜக் கப்பலின் அளவுக்குப் பெருக்கி, நிஜக் கப்பலுக்கு உரிய உரசலைத் தனியாகக் கணக்கிட்டுச் சேர்த்தார். பிறகு நம்புவதற்கு ஆதாரம் வேண்டுமே. கிரேஹவுண்ட் என்ற நிஜப் போர்க்கப்பலையே இன்னொரு கப்பலால் கடலில் இழுக்கவைத்து அளந்தார்கள். மெழுகு சொன்னதும் கடல் சொன்னதும் ஒத்துப்போயின.

இந்த இடத்தில் கொஞ்சம் ஊர்க்கதை. எனக்குச் சிதம்பரம். என் தாத்தா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போவார், என்னையும் இழுத்துக்கொண்டு. எனக்கு அங்கே கிடைக்கும் சுண்டல்தான் சித்தாந்தம். ஊருக்குப் பக்கத்தில் கொற்றவன்குடி. அங்கே 14ஆம் நூற்றாண்டில் இருந்த உமாபதி சிவம் எழுதிய சிவப்பிரகாசத்தில் ஒரு பாட்டைத் தாத்தா அடிக்கடி சொல்வார். கடவுளுக்கும் உயிருக்கும் என்ன உறவு என்பது கேள்வி. உமாபதி முதலில் மூன்று மாதிரிகளைத் தள்ளுகிறார். பொன்னும் நகையும் மாதிரி இரண்டும் ஒன்றே என்பது சரியில்லை. இருளும் ஒளியும் மாதிரி அடியோடு வேறு என்பதும் இல்லை. சொல்லும் பொருளும் மாதிரி ஒன்றாகவும் வேறாகவும் இருப்பது என்பதும் இல்லை. தள்ளிவிட்டுச் சும்மா இருந்தாரா? தானே மூன்றை வைக்கிறார்: "உடல் உயிர் கண் அருக்கன் அறிவொளி போல்". உடலோடு உயிர் கலந்து ஒன்றாய் நிற்பது போல. கண்ணும் சூரியனும் வேறு வேறு பொருளாய் இருப்பது போல. உயிரின் அறிவு கண்ணின் ஒளியோடு உடன் நின்று பார்ப்பது போல. ஒன்றாய், வேறாய், உடனாய்.

சின்ன வயதில் இது எனக்குப் பிடிக்கவே இல்லை. ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைக்கக் கூடாதா? மூன்றையும் சேர்த்துச் சொன்னால் எந்தக் கேள்வி கேட்டாலும் தப்பித்துக்கொள்ளலாமே, வக்கீல் மாதிரி! தாத்தாவிடமே கேட்டேன். "தனித்தனியா எடுத்துப் பாரு, ஒவ்வொண்ணும் எங்க உடையுதுன்னு தெரியும்" என்றார். அப்போது நான் எடுத்துப் பார்க்கவில்லை. ஃப்ரூடின் பலகைகளைப் படித்த ராத்திரிதான் எடுத்துப் பார்த்தேன்.

உடலும் உயிரும்: நெருக்கத்தை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது. ஆனால் உடம்புக்குக் காய்ச்சல் என்றால் உயிர் துடிக்கிறது. நமக்குக் காய்ச்சல் வந்தால் கடவுளுக்கும் கொதிக்குமா? அங்கே உடைகிறது. கண்ணும் சூரியனும்: கண் மூடினாலும் குருடானாலும் சூரியனுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் சூரியன் இல்லாமல் கண் பார்க்காது. அழகு. ஆனால் சூரியன் எட்டு நிமிஷ ஒளித்தொலைவில் இருக்கிறது. அவ்வளவு தூரத்தில் இருக்கும் சாமி எதற்கு? அங்கே உடைகிறது. ஒன்று உடையும் இடத்தில் இன்னொன்று தாங்குகிறது. மூன்றையும் கலந்து குழம்பு வைக்கவில்லை உமாபதி. நெருக்கத்தை ஒரு தொட்டியில் அளக்கிறார், வேறாய் இருப்பதை வேறொரு தொட்டியில். வக்கீல் வேலை இல்லை இது. இன்ஜினியர் வேலை.

நம் இலக்கணத்துக்கு இது புதிதும் அல்ல. வினை, பயன், மெய், உரு என்று உவமை நிற்கிற நான்கு இடங்களைத் தொல்காப்பியம் பிரித்துக் காட்டுகிறது. புலி மாதிரி பாய்ந்தான் என்றால் அது வினை, வாலைத் தேடக்கூடாது. அறிவியல் மெய்யியலில் மேரி ஹெஸ் 1963இல் இதையே வேறு பக்கத்திலிருந்து தொட்டார். ஒரு மாதிரியில் ஒத்துப்போகும் கூறுகள் உண்டு, ஒத்துப்போகாதவை உண்டு. மூன்றாவதாக, எந்தப் பக்கம் என்று இன்னும் தெரியாதவையும் உண்டு. அந்த மூன்றாவது கூடைதான் அறிவியலுக்குத் தீனி. ஒலி மாதிரி ஒளியும் அலை. ஒலிக்குக் காற்று வேண்டும், அப்படியானால் ஒளிக்கும் ஏதோ ஊடகம் வேண்டுமே? அதற்கு ஈதர் என்று பெயர் வைத்துத் தேடினார்கள். 1887இல் மைக்கல்சனும் மார்லியும் அளந்து பார்த்ததில் அதன் அடையாளம் கிடைக்கவில்லை. மாதிரி பொய்த்தது, ஆனால் பொய்த்த விதத்திலேயே பெரிய கதவு ஒன்று திறந்தது.

இந்தத் தீவில் இதற்கெல்லாம் புத்தகம் வேண்டியதில்லை. ஜனவரி பிறந்தால் சந்தையில் கீரை விற்கிற அம்மாள்கூட "ஐரோப்பா மாடல் அப்படிச் சொல்லுது, அமெரிக்கா மாடல் இப்படிச் சொல்லுது" என்பார். சைக்ளோன் எங்கே திரும்பும் என்று போன் திரையில் நூடுல்ஸ் கொட்டினாற்போல் கோடுகள். ஐரோப்பிய வானிலை மையம் ஒரே மாடலை, தொடக்க நிலையைத் துளித் துளி மாற்றி, 51 தடவை ஓட்டிப் பார்க்கிறது. கோடுகள் ஒட்டிக்கொண்டு போனால் நம்பலாம், விசிறி மாதிரி விரிந்தால் மெழுகுவத்தி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். 2024 ஜனவரியில் பெலால் வந்து போர்ட் லூயிஸ் தெருவில் கார்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடந்த பிறகு, ஒற்றைக் கோட்டை நம்புகிறவர் எங்கள் தெருவில் யாரும் இல்லை.

கடவுளைப் பற்றிய பேச்சிலும் மாதிரி என்ற சொல்லைக் கொண்டுவந்தவர்கள் உண்டு. இயன் ராம்சே 1957இல் சொன்னது எனக்குப் பிடிக்கும். தந்தை என்பது மாதிரி. பரலோகத் தந்தை என்று சொல்லும்போது அந்தப் "பரலோக" என்ற அடைமொழி மாதிரியைப் பிடித்து உலுக்குகிறது, உன் அப்பாவை அப்படியே இங்கே ஒட்டாதே என்கிறது. இயற்பியல் படித்து இறையியலுக்கு வந்த இயன் பார்பர் 1974இல், மாதிரிகளைப் பொருட்படுத்த வேண்டும், அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதினார். நல்ல புத்தி. ஆனால் அப்பரைப் படித்தவளுக்கு இது தாமதமாக வந்த தபால். "குனித்த புருவமும் கொவ்வைச் செவ்வாயில் குமிண் சிரிப்பும்" என்று புருவம் முதல் எடுத்த பாதம் வரை ஓவியமாகத் தீட்டிக் காட்டியவரும் அவர்தான். "இப்படியன் இந்நிறத்தன் இவ்வண்ணத்தன் இவனிறைவன் என்றெழுதிக் காட்டொணாதே" என்று தூரிகையைக் கீழே போட்டவரும் அவர்தான். முதல் பாட்டு என் ஊர்ச் சிற்றம்பலத்துக்குப் பாடியது. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவை. அப்பர் எதையும் திரும்பப் பெறவில்லை.

நான் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும், சாமிக்கு மட்டும் தமிழ் என்று வளரும் பிள்ளைகள். ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், சாமி அப்பாவா, அம்மாவா?" அம்மையப்பன் என்று தேவாரப் பதிலைச் சொன்னேன். "அப்போ ரெண்டும் மாதிரியா?" என்றாள். அவள் தமிழில் அந்தச் சொல் எப்போதும் இப்படித்தான் தப்பான இடத்தில் வந்து விழும். ஆனால் எவ்வளவு சரியாக விழுந்தது! கிரியோலில் மாக்கெட் ஒரு சாமான், அதைப் பெட்டியில் போட்டு விற்கலாம். தமிழில் மாதிரி என்பது சாமானும்தான், "போல" என்ற உருபும்தான். "அவன் அப்பா மாதிரி" என்று சொல்லும்போதே அவன் அப்பா இல்லை என்பதும் உள்ளே வந்துவிடுகிறது. அந்தச் சின்னச் சொல் உதிரும்போதுதான் வம்பு வருகிறது. அணு ஒரு குட்டிச் சூரிய மண்டலம், மூளை ஒரு கம்ப்யூட்டர், கடவுள் ஒரு ராஜா. மூன்றிலும் உதிர்ந்தது எது என்று பாருங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் நியாயமில்லை. ஃப்ரூடுக்கு ஒரு கிரேஹவுண்ட் இருந்தது. உமாபதிக்கு எது? மெழுகு சொன்னதைக் கடல் சரிபார்த்தது. ஒன்றாய், வேறாய், உடனாய் என்பதை எந்தக் கப்பலைக் கட்டி இழுத்துச் சரிபார்ப்பது? ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து பார்ப்பதே சோதனை என்பார் பார்பர் கட்சிக்காரர். எனக்கு அது முழுக்கச் செரிக்கவில்லை. வாழ்ந்து பார்த்து எதைத்தான் நம்பாமல் விட்டோம்? ஜாதியையும் வாழ்ந்து பார்த்துத்தான் நம்பினோம்.

இந்தச் சண்டை ஃப்ரூடின் வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கிறது. அவருடைய அண்ணன் ஹரல், பின்னாளில் கார்டினலான ஜான் ஹென்றி நியூமனின் உற்ற தோழர். வில்லியமின் மனைவியும் பிள்ளைகளில் பெரும்பாலோரும் நியூமன் வழியில் கத்தோலிக்கரானார்கள். வில்லியம் மட்டும் போகவில்லை. எந்த முடிவும் "அநேகமாக இப்படித்தான்" என்பதைத் தாண்டாது, சந்தேகத்துக்கு ஒரு கதவைத் திறந்தே வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அப்படியானால் மனிதன் எப்படி முழு மனதாக எதையாவது ஏற்கிறான் என்பது நியூமனின் கேள்வி. வருஷக்கணக்காகக் கடிதத்தில் வாதாடினார்கள். 1870இல் நியூமன் வெளியிட்ட, மனம் ஒப்புவதன் இலக்கணத்தை ஆராயும் நூலுக்குப் பின்னால் அந்த வாதம் இருக்கிறது. ஃப்ரூட் 1879இல் தென்னாப்பிரிக்காவின் சைமன்ஸ் டவுனில் இறந்தார், கடைசிவரை கட்சி மாறாமல். சாப்பாட்டு மேசையில் மனைவி ஜெபிக்க, மெழுகுத் துகள் ஒட்டிய கையோடு இவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக நான் கற்பனை செய்துகொள்வேன். யாரும் யாரையும் வெல்லாத வீடு. எங்கள் வீடும் கிட்டத்தட்ட அப்படித்தான்: மாமா காவடி எடுப்பவர், கணவர் எடுக்காதவர், நான் பாட்டை மட்டும் விடாதவள்.

தொட்டிக் கதைக்கு வருகிறேன். மகன் அழுகையை நிறுத்தவில்லை. மறுநாள் மாமா கொல்லைப்புறத்தில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கினார். அரை மணி நேர வேலை. முன்னால் கூர், பின்னால் மொட்டை. அடியில் ஒரு பள்ளம் குடைந்து, தூண்டிலுக்குக் கட்டுகிற ஈயக்குண்டு நாலை வைத்து, பிசின் ஊற்றி அடைத்தார். தொட்டியில் விட்டோம். விரலால் சாய்த்தால் சாய்ந்து, தானே நிமிர்ந்தது. மறுபடி சாய்த்தோம், மறுபடி நிமிர்ந்தது. எனக்கு உள்ளுக்குள் கைதட்டத் தோன்றியது.

மகன் மூக்கைச் சுளித்தான். "இது கப்பல் மாதிரியே இல்ல, தாத்தா."

"அதுதான் மிதக்குது" என்றார் மாமா.

"அது?" என்று அலமாரிப் பக்கம் கைகாட்டினான். பாய்கள் திட்டுத்திட்டாக வெளுத்து, நடுப்பாய்மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சேன் ஜெரான் துண்டின் மேல் காய்ந்துகொண்டிருந்தது.

"அது மிதக்காது. பார்க்கிறதுக்கு."

"அப்போ எது நிஜம்?"

"நிஜம் இல் தாம்பர்ல கடலுக்கு அடியில கெடக்கு, போ."

கட்டைக் கப்பல் இப்போது குளியலறையில் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சேன் ஜெரான் பழைய இடத்துக்கே போய்விட்டது, சாய்ந்த பாய்மரத்தோடு. எப்போது சரிசெய்வீர்கள் என்று கேட்டால், அந்த அளவு நூல் கடையில் வரவில்லை என்கிறார் மாமா. பாயை மட்டும் கழற்றிப் போன வாரம் மறுபடி தேநீரில் ஊறப்போட்டார். என் நல்ல பாத்திரத்தில்.